கறுப்புப் பட்டன்

பட்டன் கம்பெனியின் மாடியறையில் காலை வெயில் நீள மேசையின் பாதிவரை வந்து நிற்கிறது. கீழே எந்திரங்கள் தடதடக்க, மேசை நடுவிலிருக்கும் பித்தளைக் கிண்ணம் லேசாக அதிர்கிறது. அக்கா தன் நாற்காலியில் இருக்கிறாள். எதிர் நாற்காலி காலி. கம்பெனியின் பங்குதாரர்கள் அவளும் தம்பியும் மட்டும்தான். இருவரில் ஒருவர் வராவிட்டாலும் கூட்டம் செல்லாது என்று தெரிந்தே அவன் வருஷக்கணக்காக டிமிக்கி கொடுத்துவந்தான். கடைசியில் நீதிமன்றம் தலையிட்டு, அவள் ஒருத்தி வந்தாலே கூட்டம் செல்லும் என்று உத்தரவு போட்டுவிட்டது. தம்பியை இயக்குநர் பொறுப்பிலிருந்து நீக்கும் தீர்மானத்தை வக்கீல் வாசித்து முடிக்கிறார். "ஓட்டுப் போடுங்கம்மா." இங்கே ஓட்டு என்றால் பட்டன்தான், அப்பா ஏற்படுத்திய வழக்கம். சம்மதத்துக்கு வெள்ளை, மறுப்புக்குக் கறுப்பு. தம்பி எதற்கும் கறுப்பைத்தான் போடுவான். அவனுக்கே சம்பளம் கூட்டியபோதும் கறுப்பைப் போட்டுவிட்டு அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தான்; அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். அக்கா வெள்ளைப் பட்டனைப் போடுகிறாள். கிண்ணம் ஒருமுறை கணீரென்று ஒலித்து அடங்குகிறது. "ஏகமனதா நிறைவேறிடுச்சும்மா," என்று வக்கீல் பேனாவை மூடுகிறார். அவள் எழுந்திருக்கவில்லை. பட்டன் டப்பாவைத் துழாவி ஒரு கறுப்புப் பட்டனை எடுத்து, எதிர் நாற்காலிப் பக்கமிருந்து விழுவதுபோல் கையை நீட்டிப் போடுகிறாள். "அது செல்லாதேம்மா!" "தெரியும் சார். இந்தக் கிண்ணத்துல ஏகமனதா எதுவும் நடந்ததே இல்ல." கீழே எந்திரங்கள் ஓட ஓட, இரண்டு பட்டன்களும் ஒன்றையொன்று இடித்துக் கலகலக்கின்றன.