படிச்சு முடிச்ச டாக்டர்

"மணி ரெண்டரை ஆச்சு! உள்ள என்னதான் பண்றாரு உங்க டாக்டர்?"

சதாசிவம் போட்ட சத்தத்தில், பண்டார் தெங்காரா என்ற அந்தச் சிற்றூர் கிளினிக்கில் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மனுசனுக்குக் கட்டுப் போட்ட கால் விண்விண்ணென்று தெறித்தது. இனிப்புநீர் உடம்பு, சர்க்கரை ஏறிக் கிடப்பதால் புண் ஆறுவேனா என்கிறது. காலை எடுத்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம், இந்தத் தாமதம் ஒரு பக்கம்.

கவுண்டரில் இருந்த ஷாமளா எழுந்து வந்தாள். "கொஞ்சம் பொறுங்க அங்கிள். டாக்டருக்கு ஆன்லைன் வகுப்பு. சாப்பாட்டு நேரத்துலயே முடியணும், இன்னிக்கு இழுத்துருச்சு."

"வகுப்பா? அலமாக்! தலை நரைச்சவரு இன்னுமா படிக்கிறாரு?"

"முன்னெல்லாம் இதுக்குக் கோலாலம்பூர் போகணும், பணம் கட்டணும். இப்ப வீட்டு வாசலுக்கே இலவசமா வருது. இவரு ஒண்ணையும் விடமாட்டாரு அங்கிள்."

"இலவசம்னா நோயாளிய நோக விடலாமா? எம்மகனும் டாக்டர்தாம்மா, ஜோகூர் பாருல. நானும் அவன் வீட்டுலதான் இருக்கேன். அவனுக்கும் இந்த வகுப்பெல்லாம் உண்டு. ஒருத்தரக் காக்க வெச்சதில்ல!"

பக்கத்து நாற்காலி அங்கம்மா வாயைக் கிளறினாள். "அதெப்படிண்ணே?"

"அவன் பாட்டுக்குக் கோல்ஃப் ஆடப் போயிருவான். மருமக அவன் பேர்ல போன்ல வகுப்பத் திறந்து வெச்சுட்டுச் சமையலப் பாப்பா. கடைசியில கேள்வி கேப்பாங்கல்ல, அதுக்குக் கூட்டாளிங்க வாட்ஸ்அப்ல விடை அனுப்பிருவாங்க. தட்டுனா சான்றிதழ்! அது கெட்டிக்காரத்தனம். இவரு பொழைக்கத் தெரியாத ஆளு லா!"

நாலு பேர் சிரித்தார்கள். சதாசிவம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அங்கம்மா சிரிக்கவில்லை. அவர் காலையே பார்த்தாள்.

"அம்புட்டுக் கெட்டிக்கார மகன வெச்சுக்கிட்டு, இவ்ளோ தூரம் ஏண்ணே வந்தீங்க? அவருகிட்டயே காட்டியிருக்கலாமே?"

"காட்டாம இருப்பேனா? கட்டப் பிரிச்சுப் பாத்ததே அவன்தான்..."

வேகமாக ஆரம்பித்தவருக்கு, என்னவோ, குரல் அப்படியே இறங்கிப்போனது.

"பாத்துட்டு, 'என்கிட்ட வேணாம்ப்பா. கால் நிலைக்கணும்னா பண்டார் தெங்காரா டாக்டர்கிட்டயே போயிருங்க'ன்னு அவன்தான் என்னைய அனுப்பி வெச்சான்."