வாசப்படிக்கு நேராக

“அவன் வாசப்படிக்கு நேரா நிக்கணும், குப்புராஜு. நூலளவு ஆடுனாலும் எல்லாம் போச்சு” என்று சொல்லி, கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்த துப்பாக்கியைக் கடைப் பலகைமேல் வைத்தார் மாதையன்.

சைக்கிள், பெட்ரோமாக்ஸ், தையல் மிஷின் என்று பென்னாகரத்தில் எது மக்கர் பண்ணினாலும் குப்புராஜ் கடைக்குத்தான் வரும். துப்பாக்கி வந்தது இதுதான் முதல் தடவை. ஊர் நிலமெல்லாம் வைத்திருக்கும் மிட்டாதாருடைய வேட்டைத் துப்பாக்கி. மேலே நீளமாக ஒரு தூரக்கண்ணாடி. மிட்டாதார் மெட்ராஸ் போயிருக்கிறார். பங்களாவுக்கும் துப்பாக்கிக்கும் மாதையன்தான் காவல்.

‘அவன்’ யார் என்று குப்புராஜ் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும், மருமகன் கோவிந்தன். போன மாசியில் ஒரு காளைக்கன்று விஷயமாகச் சந்தையில் வாய் முற்றிப்போய், “இனி நானோ எம் பொண்டாட்டியோ உன் வாசப்படிய மிதிச்சா, எழவுக்குத்தான்டா மிதிப்போம்!” என்று முனியப்பன் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்த மனுஷன் மாதையன். பெற்ற மகளையும், அப்போதுதான் நடை பழகிய பேரனையும் அன்றோடு தலைமுழுகியாயிற்று.

மாதையனுக்கு அடுத்த வீட்டுச் சின்னம்மாளுக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ, வந்து நின்றுவிட்டாள்.

“எனக்கு அப்பவே தெரியும்டா” என்று குப்புராஜின் காதைக் கடித்தாள். “கொஞ்ச நாளா இந்தாளு துப்பாக்கியோட கரட்டு மேல படுத்துக் கெடக்கறானாம், ஆடு மேய்க்கிறவங்க பாத்திருக்காங்க. அவங்க வூட்டுல கடுகு வெடிக்கிற சத்தமே இல்ல. யுத்த காலம், எண்ணெய்க்குப் பஞ்சமோன்னு பாத்தா, ஒறியில எண்ணெக் குண்டா ரொம்பித்தான் தொங்குது. எல்லாம் ஆத்திரம்டா! ஆத்திரத்துல புருசனும் பொண்டாட்டியும் வெறுங்கூழக் குடிச்சிட்டுக் கெடக்கறாங்க.”

எண்ணெய்க் குண்டாவை இவள் எப்போது எட்டிப் பார்த்தாள் என்று நாம் கேட்கக் கூடாது.

நேற்றுப் பாறையில் நழுவி விழுந்ததில் தூரக்கண்ணாடியின் திருகாணிகள் கழன்றிருந்தன. குப்புராஜ் வேண்டுமென்றே சைக்கிளுக்கு வைத்திருக்கும் பெரிய திருப்புளியை எடுத்தான். அதன் முனை, திருகாணித் தலையின் வெட்டில் இறங்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. அவனுக்கு அதுதானே வேண்டும்!

“இதுக்கு மேல முறுக்குனா மரை போயிருமுங்க மாமா. இது போதுமுங்க.”

மாதையன் கண்ணாடியில் கண்ணை வைத்தார். “இன்னும் ஆடுது. யாருகிட்டடா வேலையக் காட்டற?”

கடையில் கிடந்த திருப்புளிகளை எல்லாம் அவரே எடுத்து வைத்துப் பார்த்தார். ஒன்று அகலம், ஒன்று முனை மழுங்கல். கடைசியில் தையல் மிஷினுடைய குட்டித் திருப்புளி அகப்பட்டது. வெட்டில் அச்சாகப் போய் உட்கார்ந்தது. பிடியிலும் இரண்டு விரலுக்குத்தான் இடம். ஆத்திரத்தில் முறுக்கி மரையைக் கெடுக்கவும் முடியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, இந்தத் திருகாணியில் கொஞ்சம், எதிர்த் திருகாணியில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்கினார்.

“வேண்டாமுங்க மாமா. பேசித் தீத்துக்கலாமுங்க” என்று குப்புராஜ் கெஞ்சினான்.

“அன்னிக்கு வாயில வந்த வார்த்தை பலிச்சிரும் போல இருக்குதுடா. இனிமே என்னால பொறுக்க முடியாது.” சிவந்த கண்ணோடு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கரட்டுக் குன்றின்மேல் அவர் ஏற, பின்னாலேயே குப்புராஜ் ஓடினான். அவனுக்குப் பின்னால் சின்னம்மாள். நாளைக்குச் சாட்சி சொல்ல ஆள் வேண்டாமா? மேலே மாதையன் பெண்டாட்டி குள்ளம்மாள் காத்திருந்தாள். புருஷன் காலில் விழுந்து தடுப்பாள் என்று பார்த்தால், அவர் முழங்கைக்குக் கீழே கம்பளியை மடித்து வைக்கிறாள், புண்ணியவதி!

பள்ளத்துக்கு அந்தப் பக்கம், தீப்பெட்டி அளவில் கோவிந்தனின் வீடு. மாதையன் குப்புறப் படுத்தார். குழல் அந்த வாசலைப் பார்த்து நின்றது.

“வெளிய வந்துட்டானா?” என்றாள் குள்ளம்மாள்.

“வந்துட்டான். வாசப்படியிலதான் நிக்கறான்.”

“அவசரப்படாதீங்க. நல்லாப் பாருங்க.”

மாதையன் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையோடு ஒட்டிக்கொண்டார். “ஐயோ, மாதையண்ணா! பெத்த பொண்ணு தாலிய அறுத்துராதண்ணா!” என்று கண்ணை மூடிக்கொண்டு அலறினாள் சின்னம்மாள். குப்புராஜ் பாய்ந்து துப்பாக்கியைப் பற்றினான்.

வேட்டு வெடிக்கவில்லை. துப்பாக்கியை அவன் கையிலேயே விட்டுவிட்டு, மாதையன் பாறையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினார். பிறகு பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாசல்ல இருந்த வேப்பிலைய எடுத்துட்டான், புள்ள. அம்மை எறங்கிருச்சு, பேரனுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தறாங்க… நீ போயிக் கொழம்பத் தாளி!”