காலியாக விட்ட இடம்

முதல் குத்திலேயே ஷிபுவின் மூக்கு உடைந்தது. அடுத்த குத்தில் கம்ப்யூட்டரோடு சேர்ந்து தரையில் விழுந்தான்.

"என் பேரையாலே கள்ளன்னு போட்டே?" வேலாயுதன் அவன் நெஞ்சில் ஏறி மிதித்தார். விழிஞ்ஞம் மீன்பிடி வள்ளக்காரர் சங்கத்துக்கு வெப்சைட் செய்து கொடுத்ததுதான் ஷிபு செய்த பாவம். தாசம்மாளின் வள்ளத்து எஞ்சின் களவு போன செய்திக்குக் கீழே, 'திருடியவர்: வேலாயுதன்' என்று இருந்ததாம்.

கதவை உதைத்துக்கொண்டு இன்னொரு வள்ளக்காரன் சஜின் வந்தான், கையில் துடுப்பு. "எஞ்சினை எடுத்தது நானாலே? என் பேரு எப்படி வந்தது?"

"அப்பம் ரெண்டு பேரையும் சேத்துல்லா போட்டிருக்கான்! அடி சஜினே!" அடுத்தவன் போனை வாங்கிப் பார்க்கும் பொறுமை கோபக்காரனுக்கு ஏது?

சஜின் துடுப்பை ஓங்கியபோது குறுக்கே பாய்ந்தவன் ஷைஜு, தாசம்மாளின் கூடப்பிறந்த தம்பி. ஷிபுவுக்கு விழவேண்டிய அடி அவன் தோளில் இறங்கியது.

"விடுங்கண்ணா! காலையிலே நானும் லாகின் பண்ணிப் பாத்தேன். அந்தப் பக்கத்தை எடுத்துட்டாப் போதும்லா? இவனை அடிச்சு என்ன கிட்டும்?" இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு நல்ல மனுஷன்.

தம்பியின் பின்னாலேயே வந்த தாசம்மாள் விடுவதாயில்லை. எஞ்சின் போனதிலிருந்து வள்ளம் கரையில் கிடக்கிறது. புருஷன் இல்லாத வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் வெறும் கஞ்சித் தண்ணியைக் குடித்துவிட்டுப் படுக்கிறார்கள்.

"கள்ளன் ஆருண்ணு சொல்லுலே! அவன் கையை வெட்டி மீனுக்குப் போடணும்!" மீன் வெட்டும் கத்தி ஷிபுவின் கழுத்தில் அழுந்தியது.

ஷிபு ரத்தத்தைத் துப்பினான். "எனக்கும் தெரியாது சேச்சி! போலீஸ் கண்டுபிடிச்ச பெறவு போடலாம்னு அந்த இடத்தைக் காலியா விட்டிருந்தேன். சர்வர்லேருந்து கள்ளன் பேரு வரல்லேன்னா, அந்தப் பக்கம், லாகின் பண்ணிப் பாக்குற ஆளோட பேரை எடுத்துப் போட்டுடுது. ரெண்டுக்கும் 'நேம்'னு ஒரே பேரு வச்சது என் தப்புதான். உங்க போன்ல நீங்களே பாருங்க!"

தாசம்மாள் தன் போனில் திறந்தாள். 'திருடியவர்: தாசம்மாள்.'

வேலாயுதன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சஜின் அசடு வழியத் துடுப்பைக் கீழே போட்டு, ஷிபுவைத் தூக்கி உட்கார வைத்தான். "பாக்குறவனுக்கெல்லாம் அவனவன் பேருதானா? சும்மா கிடந்த பயலை அடிச்சுப் போட்டோமே!"

தாசம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. கத்தியை இறக்காமல், தோளைத் தடவிக்கொண்டு நின்ற தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"மக்கா, உன் பேரைப் பாத்தும் உனக்கு மட்டும் ஏன் கோவம் வரல்ல?"