கால்மாட்டில் மாமா

தம்புசாமியின் கெண்டைக்காலில் இருந்த தோல் புற்றுக்கட்டிக்கு மறுநாள் மருந்தை ஊசியில் ஏற்றுவதாக இருந்தது. மருந்து உள்ளே இறங்க, அடுத்து அந்த இடத்தில் கரண்ட் வைக்க வேண்டும்.

"எங்கப்பாவையா கூப்பிடச் சொல்றீங்க?" என்றாள் மனைவி ரமணி. "பொண்ணு கேட்டு வந்தன்னைக்கு உங்க மோட்டார் சைக்கிளை எட்டி உதைச்ச மனுஷன்."

"பழசெல்லாம் விடு லா. மாமா கால்மாட்டுல நின்னா எனக்குத் தைரியமா இருக்கும்."

மறுநாள் கிள்ளானிலிருந்து வந்த மாமனார் கால்மாட்டில் கண்கலங்கி நின்றார். "பயப்படாதீங்க மாப்பிள்ளை, நான் இருக்கேன்."

ஊசி போட்டு முடித்த டாக்டர் கரண்ட் பொத்தானை அழுத்தினார். தம்புசாமியின் கால் விசுக்கென்று எகிறியது. மாமனார் சுவரோரம் போய் விழுந்தார்.

"கரண்ட் பட்டா கால் உதறும்னு நேத்தே சொன்னேனே" என்று பதறினார் டாக்டர்.

"சொன்னீங்க டாக்டர். இன்னும் கரண்ட் வைக்கணுமா?" என்று கேட்டான் தம்புசாமி.

"வைக்கணும்."

"மாமா, எழுந்து அதே இடத்துல நில்லுங்க."