தரை துடைக்கும் வண்டியின் குரல்

என் மனைவி பேச்சியம்மா இறந்த பிறகும், அவள் துப்புரவு வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் தானாக ஓடித் தரை துடைக்கும் வண்டிகள், பதிவுசெய்து வைத்த அவள் குரலில்தான் பேசின. பொங்கலன்று புதுக் குரல் வைத்துப் பார்த்தார்கள். அதற்குக் கூட்டம் வழிவிட்டால் அவள் குரலை அழித்துவிடுவார்களாம். பார்வையாளர் நேரத்தில் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"தயவுசெய்து வழிவிடவும்" என்றது வண்டி. ஒருவரும் அசையவில்லை. கரும்புச் சக்கையும் செருப்பு மண்ணும் வார்டு வாசல்வரை வந்துவிட்டன. நர்ஸ் பொறுக்கமாட்டாமல் பழைய குரலைப் போட்டார்.

"காலத் தூக்குய்யா ராசா! இந்த மண்ணு உள்ள போனா ஒன் ஆளுக்குத்தான் காய்ச்சல் வரும்!"

பெஞ்சு பெஞ்சாகக் கால்கள் உயர்ந்தன.

"யாருவே இந்தப் பொம்பள, மாமியா கணக்கா வெரட்டுதா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"எம் பொண்டாட்டிவே" என்றேன், என் காலையும் தூக்கிக்கொண்டு.