செம்புக் குண்டு

“கக்கூசுத் தொட்டிக்குள்ள இருந்த செம்புக் குண்டு எங்க, கண்ணகை?” என்று, பயணிகள் தங்கும் வாவிக்கரை வாடிவீட்டின் காப்பாளர் நல்லரத்தினம் கேட்டார்.

அங்கே கூட்டித் துடைக்கிற கண்ணகை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

“வித்துத் திண்டிருப்பாள்,” என்றான் குழாய் வேலைக்காரன் பூபாலன். “ஊர் விதானையாரைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொல்லுங்க ஐயா, தன்னால கக்குவாள்.”

கண்ணகை தன் ஓலைக் கடகத்திலிருந்து குண்டை எடுத்துக் குலுக்கினாள். உள்ளே தண்ணீர் சளசளத்தது.

“இது தண்ணி ஏறித் தாண்டு போச்சு, ஐயா. குண்டு மிதந்து எழும்பினாத்தானே குழாய் மூடும்? தண்ணி நிக்காம வழிஞ்சிது. அதுதான் குண்டுக்குப் பதிலா எங்கட வலை மிதப்புக்கட்டை நாலைக் கட்டிவிட்டன்.”

நல்லரத்தினம் சங்கிலியை இழுத்துவிட்டுக் காத்திருந்தார். தொட்டி நிறைந்ததும் தண்ணீர் தானாக நின்றது. பிறகு குண்டைத் திருப்பிப் பார்த்தார். ஈயம் வைத்து ஒட்டிய இடத்தில்தான் ஓட்டை.

“போன மாசம் இதை ஒட்டினது நீதானே, பூபாலன்?”

பூபாலன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனான்.