சுப்பம்மா வீட்டுக் கடுவன்

“நீயெல்லாம் ஒரு மனுசனாடா? வாயில்லாச் சீவனுக்குக் காயடிச்சுப்புட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி நிக்கிற!”

சுப்பம்மா போட்ட சத்தத்தில், மாரியம்மன் கோயில் வாசலில் கூடியிருந்த லயத்துச் சனம் முழுக்கக் காளிமுத்துவைத் திரும்பிப் பார்த்தது.

காளிமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

இலங்கையில், கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம் அது. கூலிக்காரர்களின் ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக நிற்பதுதான் லயம். சுப்பம்மாவுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்தக் கடுவன் பூனைதான் எல்லாம். போன மாசம் அது காணாமல் போய்த் திரும்பி வந்து, மூலையில் சுருண்டு கிடந்தது. சாக்கில் போட்டுத் தூக்கிப்போனவன் இரண்டு காம்பரா தள்ளி இருக்கும் காளிமுத்து, காரியத்தை முடித்தவன் மாட்டுப்பட்டிக் கறுப்பையா என்பது நேற்றுத்தான் வெளியே வந்தது. கள்ளு உள்ளே போனால் கறுப்பையா வாயில் எதுவும் தங்காது.

பொன்னையாக் கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

“ஏன்டா செஞ்ச?”

“ராவெல்லாம் ஒரே கத்தலுங்க ஐயா. தூக்கம் கெட்டுப்போச்சு.”

“அடேயப்பா! இவுரு பெரிய தொரை, தூக்கம் கெட்டுப்போச்சாம்!” என்று ஒருத்தி நொடித்தாள்.

கறுப்பையா முன்னால் வந்தான். “ஐயா, பொட்டையத் தேடி அலையறப்பதான் கடுவன் அப்புடிக் கத்தும். இப்பப் பாருங்க, கத்தலும் இல்ல, கடிபட்டுக் காது கிழிஞ்சு சீழோட வர்றதும் இல்ல. தின்னுட்டு நிம்மதியாப் படுத்துக் கெடக்கு. லயத்துல குட்டியும் பெருகாது. பொறந்த குட்டிங்கள நம்ம பொம்பளைங்க கூடையில அள்ளி ஆத்துல விடுறாங்களே, அது மட்டும் புண்ணியமா?”

“நீ மூடுடா வாய!” என்று பாய்ந்தாள் சுப்பம்மா.

மூடிக்கொண்டான். நியாயம் பேசவா வந்தது அந்தக் கூட்டம்? சீவகாருண்யம் பேசிய அதே கோயிலுக்குப் பின்னால், திருவிழாவுக்கு வெட்ட மூன்று கிடாய்களைக் கட்டிப்போட்டிருந்தார்கள்.

கங்காணி தீர்ப்புச் சொன்னார். “சீவனை வதைச்ச கையி அம்மன் சட்டியத் தொடக்கூடாது. காளிமுத்து இந்த வருசம் தீச்சட்டி எடுக்க வேணாம்.”

காளிமுத்து ஆடிப்போனான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில் வந்த மலேரியாக் காய்ச்சல் லயத்தையே அள்ளிக்கொண்டு போனபோது, அவன் மனைவி பரிமளம் பிழைத்தால் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தான். அவளும் பிழைத்துவிட்டாள்.

“ஐயா, வேற என்ன வேணுன்னாலும் செய்ங்க. இது நேத்திக்கடன். எடுக்காம விட்டா பரிமளத்துக்கு மறுபடியும் ஏதாச்சும் வந்துரும். ஒங்க கால்ல விழுறேன்.”

“அப்ப உண்மையச் சொல்லு. தூக்கம் கெட்டுதுன்னு எவனாவது காயடிப்பானா? சுப்பம்மா மேல என்ன காட்டம் ஒனக்கு?”

காளிமுத்து வாயைத் திறந்தான். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான்.

“சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்க.”

“பாத்தீங்களா? அவ்வளவும் திமிரு!” என்றாள் சுப்பம்மா.

கூட்டம் கலைந்தது. ஜெயித்த சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவளுக்கு ஆறாது. நேரே தன் பக்கத்துக் காம்பராவுக்குப் போனாள்.

அங்கே அழகம்மா ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். அதே காய்ச்சலில் கைக்குழந்தையைப் பறிகொடுத்தவள். புருஷன் இருளப்பனுக்கு இராத்திரி வேலை, தேயிலை அரைக்கும் ஸ்டோரில். எலும்பும் தோலுமாய்க் கிடந்த பெண், இப்போதுதான் கொஞ்சம் முகம் தெளிந்திருந்தாள்.

“பரவாயில்லையே தாயி, நல்லாச் சாப்புடுற. தூங்குறியா?”

“தூங்குறேன்க்கா. இப்பெல்லாம் புள்ள அழுறதில்ல.”

சுப்பம்மாவுக்குப் புரியவில்லை. “எந்தப் புள்ள?”

“எம்புள்ளதான். முந்தி ராவானா பசியில வீல்னு கத்துவான். மனசு கேக்குமா? பால் குடுக்க, அவனப் பொதைச்ச பொதகாட்டுக்கு ஓடுவேன். ஒருக்கா மழையில ஆத்துக்குள்ளயே எறங்கிட்டேன். காளிமுத்து அண்ணேதான் இழுத்துப்போட்டுச்சு. அப்பறம் எப்ப ஓடுனாலும், பின்னாலயே வந்து கூட்டியாந்து விட்டுரும்.”

“ஏன்டி, யாருகிட்டயும் சொல்லலியே நீ!”

“சொல்லக்கூடாதுன்னுருச்சு அண்ணே. சொன்னா, பேய் புடிச்சிருக்குன்னு கோடாங்கியக் கூப்புட்டு, முடிய மரத்துல வச்சு ஆணியடிச்சு, பெரம்பால சாத்துவாங்களாம். அண்ணேயும் யாருகிட்டயும் சொல்லாதாம்.” அழகம்மா ரொட்டியைப் பிய்த்தபடி லேசாகச் சிரித்தாள். “இப்பத்தான் அவனுக்கு வயிறு நெறைஞ்சிருக்குக்கா. சத்தமே இல்ல.”

இராத்திரியில் பச்சைப் பிள்ளை மாதிரிக் கத்திக்கொண்டு கிடந்தது எது என்று சுப்பம்மாவுக்குத் தெரியாதா?

ஐயோ, அந்த மனுசனைக் கோயில் வாசலில் நிறுத்தி என்னென்ன பேசிவிட்டோம்!

திரும்பி ஓடினாள். கங்காணி அப்போதுதான் துண்டை உதறி எழுந்தார். நாலைந்து பேர் இன்னும் நின்றிருந்தார்கள்.

“என்ன சுப்பம்மா, இன்னும் என்ன வேணும்?”

அவளுக்கு மூச்சிரைத்தது. உண்மையைச் சொன்னால் நாளைக்கே கோடாங்கி வந்து நிற்பான்.

“ஐயா, கடுவனக் கொண்டுபோயிக் காயடிக்கச் சொன்னதே நான்தான். அம்மன் வாசல்ல நின்னு பொய் சொன்னவ நானு. அந்த மனுசன் சட்டி எடுக்கட்டும், தள்ளி வைக்கிறதுன்னா என்னையத் தள்ளி வைங்க.”